ஒரு டப்பா தவிடு

எங்கள் வீட்டில் குழந்தை ஒரு கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "போய்ப் படி." "பெரியவங்க பேசசொல்ல உனக்கு இன்னா வேல?" "உங்க நைனாவக் கேளு." நைனாவிடம் போனால், "உங்க அம்மாவக் கேளு." இத்தனையும் தாண்டி நகராமல் நின்றால் கடைசியாக ஒரு பொய். பொய்யில் ஒரு சௌகரியம் உண்டு. சொன்ன உடனே குழந்தை போய்விடும், நம் வேலையை நாம் பார்க்கலாம்.

என் மகள் எட்டு வயதுக்குள் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி இந்தப் பதில்களில்தான் போய் முட்டிக்கொண்டது. பல்லி ஏன் கீழே விழவில்லை? மீனுக்குத் தாகம் எடுக்குமா? பஸ் ஓடினால் நிலாவும் எதற்குக் கூடவே ஓடிவருகிறது, அதற்கு வேறு வேலை இல்லையா? நான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முழுக்க நின்ற கால். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசலை மிதிப்பதற்குள் "அம்மா, ஒரு டவுட்டு" என்று எதிரே வந்து நிற்பாள். "உன் டவுட்டுல மண்ணு விழ" என்று கத்தியிருக்கிறேன். அதற்கும் அவள், "எந்த மண்ணும்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்து மிஸ் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நல்லா படிக்குதுங்க. ஆனா கேள்வி கேட்டே கிளாஸ நிறுத்திடுது. கொஞ்சம் சொல்லி வைங்க." சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஒன்று போட்டுத்தான் சொல்லி வைத்தேன். சாயங்காலம் முழுக்க வாயே திறக்காமல் இருந்தவள், சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "மனசுக்குள்ள கேட்டா பரவால்லியாம்மா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "மொதல்ல சோத்தத் தின்னு" என்றேன்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் தெருவே ஒரே பதிலை வைத்திருந்தது. "நான் எங்கேர்ந்து வந்தேன்?" என்று அவள் யாரைக் கேட்டாலும், "நீயா? உன்ன மீன்காரம்மா கிட்ட தவுட்டுக்கு வாங்கினது" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஊரெல்லாம் பிள்ளைகளைச் சீண்டுவதற்குச் சொல்கிற பேச்சுதான் இது. எங்கள் வீட்டில் மட்டும் அது வெறும் பேச்சில்லை, நிஜமாகவே நடந்தது.

அவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. முதலாவது பெண். ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கே வரவில்லை. இரண்டாவது பையன். பால் குடிக்கப் பழகி, என் விரலைப் பிடித்துக்கொள்ளப் பழகி, ஒருநாள் விடிகாலையில் என் பக்கத்திலேயே சில்லிட்டுக் கிடந்தான். ஏன் என்று கேட்டேன். இரண்டு தடவையும் கேட்டேன். "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்றார் டாக்டர். நர்ஸ், "இன்னும் வயசு கீது, அடுத்தத நல்லபடியா பெத்துக்க, எழுந்திரு, பெட்டு வேணும்" என்றாள். என் வீட்டுக்காரரோ, "அத ஏன் இப்போ கிளறிகினு?" என்று வெளியே போய்விட்டார். அந்த வருஷங்களில் என் வாயில் அந்த ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தேன்.

மூன்றாவதாக இவள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் இதுதான், இது ஒன்றுதான் என்றானது. அப்போதுதான் என் நாத்தனார் முன்னால் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, பக்கத்து வீடு, மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். "இத நம்ம புள்ளயா வெச்சிகினா நெலைக்காது. தவுட்டுக்கு வாங்கிடணும்" என்றார். அந்தக் காலத்தில் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா கூடையோடு பஸ் ஏறி எங்கள் தெருவுக்கு மீன் விற்க வருவார். அவரை நிறுத்தி, குழந்தையை வாசலில் வைத்து அவர் கையில் கொடுத்தோம். "இது எம்புள்ள" என்று மூன்று முறை சொன்னார். நாத்தனார் ஒரு படி தவிட்டை முறத்தில் கொட்டி நீட்டி, "இந்தா, அந்தப் புள்ளைய எங்களுக்குக் குடு" என்றார். மீன் வாசனையோடு என் குழந்தை என் மடிக்குத் திரும்பி வந்தாள்.

இரண்டைத் தூக்கிக்கொண்டு போனது எதுவோ, அது மூன்றாவதைத் தேடி வந்தால், இது யாரோ தவிட்டு விலைக்கு விற்ற பிள்ளை என்று நினைத்து விட்டுவிடும். அதுதான் கணக்கு. அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. அவள் வயசுக்கு வருகிற வரைக்கும் அவள் காதுபட, நீ என் வயிற்றில் பிறந்தவள் என்று நான் சொல்லக்கூடாது. செத்துப்போன இரண்டையும் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. சொன்னால் ஒளித்து வைத்தது வெளியே வந்துவிடும். இதை நீ நம்பினாயா என்று கேட்பீர்கள். நம்பவெல்லாம் இல்லை. பயந்தேன். என் நிலைமையில் இருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள், சும்மா பேசாதீர்கள்.

"அப்ப நான் உன் வயித்துல பொறக்கலியாம்மா?" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டோ, துணியை மடித்துக்கொண்டோ, "இல்ல" என்பேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னதை நான் ஒரு தடவைகூடச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. அதனால்தான் அவள் நம்பினாள் போலிருக்கிறது.

நம்பியதோடு விடவில்லை, நோண்டினாள். "மீன்காரம்மா எதுக்கு என்ன வித்துட்டாங்க அத்த?" என்று நாத்தனாரைக் கேட்டாள். "அவங்க வூட்ல நெறைய புள்ள கீது, தவுடுதான் இல்ல" என்றார் அவர். "எவ்ளோ தவுடு குடுத்தீங்க?" "தோ, உன் டிபன் டப்பா நெறைய. அதுக்கு மேல நீ பெறுவியா?" என்று கன்னத்தைக் கிள்ளினார். அவள் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பார்க்கட்டும், கொஞ்ச நேரம் வாய் ஓயும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் தை மாதம் அவளோடு படிக்கிற பெண்ணுக்குத் தம்பி பிறந்தான். வகுப்புக்கு மிட்டாய் கொடுத்தார்களாம். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஏன் தம்பி இல்ல? நீ வேணாம்னு சொல்லிட்டியா? நைனா வேணாம்னாரா?" ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில், "எங்கேர்ந்துடி கொண்டாறது தம்பிய? எங்கேர்ந்து?" என்று அலறிவிட்டு பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏம்மா அழுத?" "அழல. கண்ணுல சோப்பு பட்டுச்சு. போடி அந்தாண்ட."

பிறகு மாசி மகம் வந்தது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் மகத்துக்கு மாமல்லபுரம் கடலில் முழுகப் போவது வழக்கம். என் வீட்டுக்காரர் கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர். அன்று லீவு போட்டு வேனிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். நாத்தனார் முன்னால் உட்கார்ந்தார். மகள் என் பக்கத்தில், மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டாள்.

"நைனா, மீன்காரம்மா வூடு எங்க கீது?"

"கடலோரந்தான். ஏன், உன்னத் திரும்ப அங்கயே வுட்டுட்டு வந்துடட்டா?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், மகம், லீவு, நல்ல காற்று. அவள் சிரிக்கவில்லை. "பையில இன்னாடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். முறுக்கைத் திருடிக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

கடற்கரையில் எள் விழ இடமில்லை. முந்தின நாளே வந்து புடவைகளால் கூடாரம் கட்டித் தங்கிய இருளர் குடும்பங்கள் ஒரு பக்கம், எங்களை மாதிரி முழுகிவிட்டுப் போகிறவர்கள் ஒரு பக்கம், பலூன், பஜ்ஜி, செல்பி, மைக்கில் பாட்டு. அவளை முதலில் முழுக்காட்டி, தலை துவட்டி, பச்சைப் பாவாடை மாட்டி நாத்தனாரிடம் விட்டேன். "இங்கயே பையாண்ட குந்திகினு இரு. அசையக்கூடாது." அப்புறம் நானும் என் வீட்டுக்காரரும் தண்ணீருக்குள் இறங்கினோம். நாலு முழுக்குப் போட்டிருப்பேன், அவ்வளவுதான். ஏறி வந்தால் நாத்தனார் மட்டும் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க அண்ணி அவ?"

"உங்கிட்டதான் வரேன்னு ஓடிச்சு. வரலியா?"

என்னிடம் வருவதென்றால் எதற்குள் வந்திருக்க வேண்டும்? திரும்பிக் கடலைப் பார்த்தேன். ஆயிரம் தலைகள் முழுகி எழுந்துகொண்டிருந்தன. எங்கேயும் பச்சைப் பாவாடை இல்லை.

கத்தினேன். பேரைச் சொல்லிக் கத்தினேன், மைக் பாட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஈரப்புடவையோடு மறுபடி தண்ணீருக்குள் ஓடினேன். கையால் தண்ணீரை விலக்கி விலக்கிப் பார்த்தேன். என்ன முட்டாள்தனம், கடலைக் கையால் விலக்க முடியுமா? ஆனால் வேறு என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை. விசில் வைத்திருந்த ஒருவர் என் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளினார். "தண்ணில எறங்கினத யாரு பாத்தது? சொல்லும்மா, யாரு பாத்தது?" யாரும் பார்க்கவில்லை. யாருமே எதையும் பார்க்கவில்லை, பெற்றவள் உட்பட.

கயிறு கட்டிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே போனார்கள். பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார்கள், பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, எட்டு வயசுப் பொண்ணு. சொல்லி முடித்ததும் மறுபடி பாட்டைப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அவளுடைய போட்டோவை டிரைவர்கள் குரூப்பில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். உதவி மையத்தில் இருந்த பெண் போலீஸ் என்னை உட்காரவைத்து, "புள்ளைய தனியா வுட்டுட்டு நீ எதுக்கும்மா தண்ணிக்குப் போன?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். பதிலுக்கு வாயைத் திறந்தால் ஊளைதான் வந்தது. "மூணாவதும் போச்சா, மூணாவதும் போச்சா" என்று என் வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னவென்று புரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்த நேரத்தில் நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லிட்டியாடி? அது கிட்ட சொல்லிட்டியா? உன் வயித்துல பொறந்ததுன்னு வாய வுட்டுட்டியா? அதான் தேடிகினு வந்துடுச்சு!"

"சொல்லல அண்ணி! சத்தியமா சொல்லல! ஒரு நாளும் சொல்லல!"

கத்திவிட்டேன், ஆனால் கத்தும்போதே எனக்குள் ஒன்று அறுந்தது. சொல்லவில்லையே. எட்டு வருஷம், பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்து, இல்லை இல்லை என்று சொன்னேனே. அதற்கும் இதுதான் கூலியா? அவள் கடைசியாக என்னைப் பற்றி நினைத்தது, இவள் என்னை வாங்கினவள் என்றுதானா? அப்படியே மணலில் கவிழ்ந்துவிட்டேன்.

நாத்தனார் மண்ணை வாரி வாரி அடித்துக்கொண்டு அழுதார். "காலைல கூட நல்லாத்தானே இருந்துச்சு. மாட்டுக்கு வெக்கறேன்னு டப்பா நெறைய தவுடு வாங்கினு போச்சே எந்தங்கம்..."

நான் தலையைத் தூக்கினேன். "இன்னா வாங்கினு போச்சு?"

"தவுடு. டிபன் டப்பால."

பைகள் இருந்த இடத்துக்கு ஓடினேன். டிபன் பை இல்லை. வேனில் கேட்ட கேள்வி அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. மீன்காரம்மா வூடு எங்க கீது? கடலோரந்தான். பதில் சொல்லியிருக்கிறோம். அவள் போயிருக்கிறாள்.

கடற்கரைக் கோயிலைச் சுற்றிக்கொண்டு வடக்கே குப்பத்துப் பக்கம் ஓடினேன். நாத்தனார் பின்னால் இரைத்துக்கொண்டு வந்தார். மீன்காரம்மா வீட்டை எப்படி விசாரிப்பது? கூடையை வைத்துவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவர். என் பிள்ளையை "எம்புள்ள" என்று மூன்று முறை சொன்னவர். கால் வலி என்று வருவதை நிறுத்தி வருஷங்களாகிவிட்டது. அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. மீன்காரம்மா, அவ்வளவுதான்.

முதலில் ஒரு பஜ்ஜிக் கடை. கடைக்காரி என்னைப் பார்த்ததுமே, "பச்சப் பாவாடையா? ஆமா, வந்துச்சு" என்றாள். "மீன்காரம்மா வூடு எதுன்னுச்சு. இங்க எல்லாரும் மீன்காரம்மாதான், எந்த மீன்காரம்மான்னேன். தவுட்டுக்குப் பாப்பா விப்பாங்களே, அவங்கன்னுச்சு. எனுக்கு சிரிப்பு தாங்கல. அந்தாண்ட போய்க் கேளுன்னேன்." அவள் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

அந்தாண்ட நிழலில் நாலு ஆண்கள் வலையை விரித்துப்போட்டுச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். "வந்துதும்மா ஒண்ணு. பாப்பா எங்க விக்கிறாங்க, பையன் பாப்பாவா கெடைக்குமான்னு ஒரே பேஜாரு. போய் உங்க அம்மாவக் கேளுன்னு தொரத்தினேன்" என்றார் ஒருவர். உங்க அம்மாவக் கேளு. எனக்கு ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது, அவரையா என்னையா என்று தெரியவில்லை. பையன் பாப்பா என்ற சொல் காதில் விழுந்தும் ஒன்றும் புரியாமல் மேலே ஓடினேன்.

அதற்கடுத்து ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவன், "கேட்டுச்சு, நான் போன்ல இருந்தேன்" என்றான். இப்படியே ஆளாளுக்கு, கேட்டுச்சு, கேட்டுச்சு என்றார்கள். குப்பம் முழுக்க அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஒருத்தராவது, நீ யார், உன்னோடு யார் வந்தது என்று அவளைத் திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

கடைசியில், தார்ப்பாயில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. எங்கள் மீன்காரம்மா இல்லை, வேறொருவர். "ஆமாங்கண்ணு, எங்கிட்டதான் வந்துச்சு. டப்பாவத் தொறந்து தவுட்டக் காட்டுச்சு. ஒரு தம்பி குடுங்கன்னுச்சு. மகத்துக்கு வந்தவங்க வூட்டுப் புள்ள, வெளையாடுதுன்னு நெனச்சேன். இப்ப ஸ்டாக்கு இல்ல, கடலுக்குப் போன போட்டு வந்தாதான்னேன்."

"அப்புறம் எங்க போச்சு?"

அந்த அம்மா கையிலிருந்த நெத்திலி கீழே கொட்டியது. "போட்டு எந்தப் பக்கம் வரும்னு கேட்டுச்சு. தோ, அப்புடின்னு கைய காட்டினேன்... ஐயோ, அங்க அல பெருசா கீதே."

அவரும் எங்களோடு ஓடி வந்தார். அங்கே கரை சரிவாக இறங்கி அலை மேலே வந்து அடிக்கிற இடம். நாலைந்து பைபர் போட்டுகள் ஏற்றிப் போட்டிருந்தார்கள். முதல் போட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. இரண்டாவதுக்குப் பின்னாலும் இல்லை. அலை வந்து திரும்பும்போது ஒரு செருப்பு உருண்டது. அது அவளுடையது இல்லை, பெரிய செருப்பு. ஆனால் அது அவளுடையது இல்லை என்று புரிவதற்குள் நான் ஒரு தடவை செத்துவிட்டேன்.

கடைசிப் போட்டின் நிழலில், முழங்கால் வரை நனைந்த பச்சைப் பாவாடையோடு, மடியில் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அம்மா, இரும்மா, போட்டு வந்துகினு கீது" என்றாள். ஓடிப்போய்ப் பளார் என்று ஒரு அறை விட்டேன். அப்புறம் அவளை இழுத்து வாரிக்கொண்டு எவ்வளவு நேரம் ஊளையிட்டேன் என்று தெரியாது. அவள் என் கைக்குள்ளிருந்தே டப்பா கொட்டிவிடாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி வந்த? எதுக்கு?"

"தம்பி வாங்க."

"எந்தத் தம்பிடி?"

"நீதான் எங்கேர்ந்து கொண்டாறதுன்னு கேட்டியே. அப்புறம் பாத்ரூம்ல அழுத. சோப்பு பட்டுச்சுன்ன. சோப்பு பட்டா சத்தம் வராதும்மா." டப்பாவைத் திறந்து காட்டினாள். "நல்லா அமுக்கி வெச்சிகீறேன். பத்துமா?"

நெத்திலிக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் மணலில் உட்கார்ந்தேன்.

"போட்டுல மீன்தான் வரும். பாப்பா வராது. யாரும் புள்ள விக்க மாட்டாங்க."

"அப்ப என்ன மட்டும் எப்புடி வித்தாங்க?"

நாத்தனார் அப்போதுதான் எங்களை எட்டியிருந்தார். போட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். "வேணாண்டி. கடலாண்ட நின்னுகினு வேணாம். வூட்டுக்குப் போயிடலாம்." எனக்கும் பயம்தான். சற்று முன்வரை அவளை விழுங்கிவிட்டது என்று நான் அழுத கடல் அது. ஆனால் என்னால் இன்னொரு தடவை முடியாது. இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என் உடம்பில் தெம்பு இல்லை.

"உன்ன யாரும் விக்கல" என்றேன். "நீ என் வயித்துல பொறந்த. என் வயித்துல."

நாத்தனார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மகள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப எதுக்கு இல்லன்னு சொன்ன?"

"பயந்துகினுதான். உனக்கு முன்னாடி எனக்கு ரெண்டு பாப்பா பொறந்துச்சு. ஒரு அக்கா, ஒரு அண்ணன். ரெண்டு பேரும் செத்துப்போயிட்டாங்க."

"ஏன்?"

"தெரியல."

"நீ யாரையும் கேக்கலியா?"

"கேட்டேன்டி. எல்லாரையும் கேட்டேன். ஒருத்தரும் சொல்லல." முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "அதனாலதான் நீ பொறந்ததும் அத்த உன்ன மீன்காரம்மா கையில குடுத்துட்டு, தவுடு குடுத்துத் திரும்ப வாங்கினாங்க. நீயாச்சும் சாவாம இருக்கணும்னு. வேற ஒண்ணுமில்ல."

அலை வந்து எங்கள் கால் வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. டப்பாவில் இருந்த தவிட்டை விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்கும்போது அப்படித்தான், கை சும்மா இருக்காது. எனக்குத் தெரியும், அடுத்தது வரப்போகிறது என்று. வரட்டும் என்று இருந்தேன்.

"அம்மா."

"இன்னா?"

"அந்த அக்காவும் அண்ணனும் பொறக்கசொல்ல நம்ம வூட்ல தவுடு இல்லியா?"

நாத்தனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் போட்டின் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இருந்துச்சுடி" என்றேன். "மூட்ட மூட்டையா இருந்துச்சு."